அரைச் சுற்று குறைவாக

ரொட்டிக் கூடைக்கும் உப்பு டப்பாவுக்கும் நடுவில், சாப்பாட்டு மேசை மேல், நர்ஸ் தன் பைக்கின் உடைந்த கிளட்ச் லிவரை வைத்தபோது மாலை மணி ஐந்தரை. அந்த மாதத்தில் அது மூன்றாவது. முதலாவது உடைந்தபோது வீட்டில் அனுதாபம் இருந்தது. இரண்டாவதுக்கு ஆச்சரியம் இருந்தது. மூன்றாவதைப் பார்த்ததும் மாமனார் தன் தட்டைக் கொஞ்சம் நகர்த்தி இடம் விட்டார்.

"இதுக்கும் ஒரு தட்டு போட்டுடும்மா. வாராவாரம் வருது, சும்மா அனுப்பினா நல்லா இருக்காது."

மாமனார் முப்பத்தோரு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வாசலில் யார் நின்றாலும் உள்ளே தள்ளி நிற்கச் சொல்லும் பழக்கம் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

நர்ஸ் சிரிக்கவில்லை. முழங்கால் வரைக்கும் சேறு காய்ந்து, மண்ணால் செய்த சாக்ஸ் போட்டவள் மாதிரி நாற்காலியில் உட்கார்ந்தாள். மலைப்பாதையில் ஆறு கிலோமீட்டர், இறக்கத்தில் உருட்டியும் மேட்டில் தள்ளியும் அந்த வண்டியைக் கொண்டு வந்திருந்தாள். எதிரே அவள் புருஷன், பைப்புக்காரன், லிவரைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சரியாக நடுவில் முறிந்திருந்தது.

"எங்க விழுந்தே?"

"அதே இடம். செம்மண் வளைவு."

"வேகமாப் போனியா?"

"வேகமா! நின்னுக்கிட்டே விழுந்தேங்க. கால ஊனினேன், சேறு கால வாங்கி வெச்சுக்கிச்சு. வண்டி அலுங்காமக் குலுங்காமப் படுத்துச்சு. நான்கூட நல்லாத்தான் எந்திரிச்சேன். லிவர் மட்டும் டக்குன்னு போயிடுச்சு."

"நல்லா இறுக்கித்தானே..." என்று ஆரம்பித்தவன், மிச்சத்தை ரொட்டியோடு சேர்த்து விழுங்கினான்.

"மேல போக முடியல," என்றாள் நர்ஸ். "கல்குவாரிக்காரருக்குக் கால்ல கட்டு மாத்த வேண்டிய நாள். பாறை விழுந்து நசுங்கின கால். ஒருநாள் விட்டு ஒருநாள் பிரிச்சுப் பார்க்கணும். இன்னைக்குப் பார்க்கல."

அவ்வளவுதான் விஷயம் என்றால் பரவாயில்லை. தலைமை நர்ஸம்மா போனில் வேறு ஒன்று சொல்லியிருந்தாள். மழையில் மண் சரிந்து ஜீப் போகிற பாதை மூடிய நாளிலிருந்து மேல் குடியிருப்புக்கு இந்த ஒரு மண்பாதை பைக்கும் இந்த ஒரு நர்ஸும்தான் போக்குவரத்து. மேலே நோயாளிகள் பதினோரு பேர். அதில் நாலு பேருக்கு நடக்கவே முடியாது. 'நாளை மறுநாளும் நீ மேலே போய்ச் சேரலைன்னா அந்த ரூட்டை எடுத்துடுறேன். பாதை திறக்கிற வரைக்கும் அவங்களே எப்படியாவது கீழ வரட்டும்' என்று தலைமை நர்ஸம்மா சொல்லிவிட்டாள். நடக்க முடியாதவர்கள் எப்படியாவது எப்படி வருவார்கள் என்பது அலுவலகத் தாளில் எழுத இடமில்லாத கேள்வி.

"எடுத்துடுவாங்களா?" என்றார் மாமனார்.

"எடுத்துடுவாங்க மாமா. அவங்க கெட்டவங்க இல்ல. அவங்களுக்கும் மேல ஒருத்தர் கேக்குறாரு, வண்டி ஏன் எப்பப் பார்த்தாலும் படுத்தே கிடக்குதுன்னு."

பைப்புக்காரன் எழுந்து கை கழுவப் போனான். குழாயைத் திறந்தான், மூடினான். ஒரு சொட்டு விழவில்லை. அந்த வீட்டில் எந்தக் குழாயும் சொட்டாது. அது அவன் தொழில் கௌரவம். அவன் முடுக்கிய இணைப்பைக் கழற்ற வேண்டுமென்றால் அவனையே மறுபடி கூப்பிட வேண்டும் என்று ஊரில் பேச்சு. அதைக் குறையாகச் சொல்கிறார்கள் என்பது இருபது வருஷமாக அவனுக்குத் தெரியாது.

இந்த இடத்தில் ஒரு ரகசியத்தைச் சொல்லிவிட வேண்டும். தினமும் காலை ஆறு மணிக்கு, நர்ஸ் தூங்கிக்கொண்டிருக்கும்போது, பைப்புக்காரன் தன் கருவிப் பையோடு வாசலுக்குப் போவான். வண்டியின் சக்கரத்திலிருந்து கைப்பிடி வரை கண்ணில் படுகிற ஒவ்வொரு போல்ட்டையும் பிடித்து முடுக்குவான். யாரும் சொல்லிச் செய்வதில்லை. பெண்டாட்டி தனியாக மலையேறுகிறாள், அவளிடம் 'பத்திரமாப் போ' என்று சொல்ல அவனுக்குக் கூச்சம். ஆகவே அதைக் குழாய் முடுக்குகிற பைப் ரிஞ்சிடம் சொன்னான். முதல் லிவர் உடைந்ததும், பிடி ஆடியிருக்கிறது, இறுக்கம் போதவில்லை என்று கால் சுற்று கூட்டினான். இரண்டாவது உடைந்ததும் அரைச் சுற்று. இப்போது மூன்றாவது.

மறுநாள் காலையில் அவன் ஒரு ஹோட்டலில் பாத்ரூம் வேலையைத் தள்ளிப்போட்டுவிட்டு, கருவிப் பையோடு வண்டியைத் தள்ளிக்கொண்டு மெக்கானிக் அக்காவின் கடைக்குப் போனான்.

மெக்கானிக் அக்கா ஒரு காலத்தில் மண்பாதைப் பந்தயங்களில் ஓட்டியவள். இரண்டு தோள்பட்டை எலும்பும் தலா ஒருமுறை உடைந்து ஒட்டியவை. மழை வருவதை வானொலிக்கு முன்னால் அவளே சொல்லிவிடுவாள். கடைக்குள் ஒரு மூலையில் அவளுடைய பழைய பந்தய வண்டி தூசியோடு நின்றது. பைப்புக்காரனைவிட வயதில் சின்னவள்தான். ஆனாலும் ஊரே அக்கா என்பதால் அவனும் அக்கா என்றான்.

அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கைப்பிடியைப் பார்த்தாள். லிவரைத் தாங்குகிற கிளாம்ப்பைக் கட்டைவிரலால் தள்ளினாள். அசையவில்லை. உள்ளங்கையால் அடித்தாள். அசையவில்லை. சுத்தியலின் மரப்பிடியால் தட்டினாள். வண்டியே நகர்ந்தது, கிளாம்ப் நகரவில்லை.

"இத எந்த மடையன் முறுக்கினது?"

"அதானே," என்றான் பைப்புக்காரன்.

"கையா அது, கிரேனா? ஈவு இரக்கம் வேண்டாம்?"

"சில பேரு அப்படித்தான்க்கா. விஷயம் தெரியாம கைய வெச்சுடுவாங்க."

"விஷயம் தெரியலன்னா சும்மா இருக்கலாம்ல?"

"இருக்க மாட்டானுங்களே. பொறுப்பே கிடையாது. அடுத்தவங்க வண்டிதானேன்னு ஒரு..."

அவன் அந்த முகம் தெரியாத மடையனை இன்னும் கொஞ்ச நேரம் நல்லபடியாகத் திட்டினான். அக்கா பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். அப்புறம் போல்ட்டின் தலையை விரல் நகத்தால் தொட்டுக் காட்டினாள்.

"பைப்பண்ணே, இங்க பாருங்க. வரி வரியா இருக்குல்ல?"

"ஆமா."

"இது பல்லு. பைப் ரிஞ்சோட பல்லு. இந்த ஊர்ல பைக்கப் பைப் ரிஞ்சு போட்டு முறுக்குற ஆளு எத்தனை பேரு இருப்பாங்கன்னு நினைக்கிறீங்க?"

பைப்புக்காரன் ரொம்ப நேரம் தெருவைப் பார்த்தான். தெருவில் பார்க்கிற மாதிரி ஒன்றும் இல்லை. ஒரு நாய்கூடப் போகவில்லை.

"ஆடக்கூடாதேன்னுதான்..." என்றான் கடைசியில்.

"ஆடணும்ணே! அதுதான் விஷயமே. இங்க வாங்க."

அவள் அலமாரியிலிருந்து ஒரு பழைய லிவரை எடுத்து மாட்டினாள். அவனுடைய ரிஞ்சையே வாங்கி அவன் இறுக்கியிருந்த அளவுக்கே இறுக்கினாள். வண்டியைக் கடைக்குப் பின்னால் இருந்த மண் தரைக்குத் தள்ளிக்கொண்டு போய், திடீரென்று இடது பக்கமாகச் சாய்த்துக் கையை விட்டாள். வண்டி விழுந்தது. பைப்புக்காரன் தன் மேலேயே விழுந்தது போல 'ஐயோ' என்றான். தூக்கிப் பார்த்தால் லிவர் முறிந்து தொங்கியது.

"உங்க வீட்டுக்காரம்மா நின்னுக்கிட்டே விழுந்தாங்கன்னு சொன்னீங்கல்ல? இப்படித்தான். தரை இடிக்குது. இது அசையாமப் பிடிவாதமா நிக்குது. ரெண்டுல ஒண்ணு போய்த்தான் ஆகணும். தரை போகாது."

இன்னொரு பழைய லிவர். இந்த முறை அவள் கிளாம்ப்பைக் கழற்றி, போல்ட்டைத் திருகினாள். ஒரு கட்டத்தில் நிறுத்தினாள். கையால் பலமாகத் தள்ளினால் திரும்புகிற அளவு. சாதாரணமாகப் பிடித்து ஓட்டினால் இருந்த இடத்தில் இருக்கிற அளவு. மறுபடி கையை விட்டாள். வண்டி விழுந்தது. பைப்புக்காரன் இந்த முறை 'ஐ' வரைக்கும்தான் சொன்னான். லிவர் முழுசாக இருந்தது. கிளாம்ப்போடு சேர்ந்து மேல் பக்கமாகத் திரும்பி, வகுப்பில் பதில் தெரிந்தவன் கையைத் தூக்குவது போல நின்றது. அக்கா அதை உள்ளங்கையால் தட்டிக் கீழே இறக்கினாள். பழைய இடத்துக்கு வந்துவிட்டது.

"அவ்வளவுதான்?" என்றான் அவன்.

"அவ்வளவுதான். பந்தயத்துல ஓட்டுற எல்லாரும் இப்படித்தான் வெச்சிருப்பாங்க. ஆனா உங்களோடதுல ஒரு சிக்கல். நீங்க இறுக்கின இறுக்குல கைப்பிடிக் கம்பியே சொரசொரன்னு ஆயிடுச்சு. இப்ப திரும்பிச்சு, நாள்பட கிளாம்ப் அதுல கவ்விக்கும். நடுவுல வழுவழுன்னு ஏதாவது மெல்லிசாச் சுத்தணும். பாட்டில வெட்டிப் பார்க்கலாமா..."

அவள் கடைக்குள் தேடினாள். பிளாஸ்டிக் தடிப்பாக இருந்தது. பாலிதீன் பை சுருண்டது. பைப்புக்காரன் தயக்கத்தோடு சட்டைப் பையில் கை விட்டு, எந்நேரமும் அங்கே இருக்கிற வெள்ளை டேப் உருளையை எடுத்தான். குழாய் மரையில் சுற்றுகிற டெஃப்லான் டேப்.

"இது வழுக்கும்க்கா. ஆனா இது இறுக்கத்துக்குச் சுத்துறது. லீக்கு ஆகாம இருக்க."

அக்கா ஒரு துண்டு கிழித்து இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்தாள். அவள் முகம் முதல் தடவையாக மலர்ந்தது.

"இத இத்தனை நாளாப் பையில வெச்சுக்கிட்டா லிவர் லிவரா உடைச்சீங்க?"

கம்பியின் மேல் நாலு சுற்றுச் சுற்றினான். அந்த ஒரு வேலையில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஒரு சுருக்கம் இல்லாமல் கண்ணாடி மாதிரி படிந்தது. அதன் மேல் கிளாம்ப், புது லிவர். பிரேக் பக்கமும் அப்படியே. போல்ட்டைத் திருக அக்கா அவனிடமே சின்ன ஸ்பேனரைக் கொடுத்தாள். அவன் திருகினான், சரியான இடத்தில் நின்றான், கை தானாக இன்னும் அரைச் சுற்றுப் போனது. அக்கா மணிக்கட்டில் அடித்தாள். கழற்றினான். மறுபடி திருகினான். மறுபடி அரைச் சுற்று. மறுபடி அடி. ஐந்தாவது தடவை அவன் ஸ்பேனரைத் தரையில் வைத்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். பசித்தவன் சாப்பாட்டுக் கடை வாசலில் நிற்பது போல இருந்தது அவன் நின்றது.

"கழன்றுடாதுல்ல?"

"கழலாது."

"ஓட்டும்போது திரும்பிடாதுல்ல?"

"திரும்பாதுண்ணே."

"நாலு பக்கமும் இரும்புப் பைப்ப வளைச்சு ஒரு கூண்டு மாதிரி கட்டிட்டா என்ன? என்கிட்ட பைப்பு இருக்கு."

"கட்டுங்க. அப்புறம் உங்க வீட்டுக்காரம்மாவ உள்ள வெச்சுப் பூட்டிட்டு, கிரேன் வெச்சு மேல ஏத்துங்க."

சொல்லிவிட்டு அவள் மூலையில் நின்ற பந்தய வண்டியிடம் போனாள். கைப்பிடிக்கு முன்னால் விரல்களை மறைத்து வளைந்திருந்த இரண்டு அலுமினியக் காப்புகளைக் கழற்றினாள். பழசு. உடம்பெல்லாம் கீறல். நர்ஸின் வண்டியில் வைத்து அளவு பார்த்து, ஒரு முனையைக் கைப்பிடி நுனியிலும் இன்னொரு முனையை உள்பக்கமும் பொருத்தினாள். லிவர் இரண்டும் அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டன.

"அக்கா, அது உங்களோடது..."

"இதுல இருக்கிற ஒவ்வொரு கீறலும் என் விரலுக்கு வந்திருக்க வேண்டியதுண்ணே. எனக்கு வேண்டியத அது செஞ்சுடுச்சு. நான் இனி எங்க விழப்போறேன்? விழுறவங்களுக்குப் போகட்டும்."

அவன் நன்றி சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள் கடையின் பின்பக்கக் குழாய் சொட்டுகிற சத்தம் கேட்டது. போய் அதைக் கழற்றி, வாஷர் மாற்றி, சொட்டு நின்றதும் வந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு கிளம்பினான். பாதி வழியில் அவளிடமிருந்து போன் வந்தது. இப்போது அந்தக் குழாயைத் திறக்கவே முடியவில்லையாம். திரும்பப் போய்த் தளர்த்திவிட்டு வந்தான்.

வீட்டில் அவன் சொன்னது இவ்வளவுதான்: "அக்கா சரி பண்ணிட்டாங்க. விழுந்தா லிவர் திரும்பிக்கும். கையால தட்டி இறக்கிடு." ஏன் உடைந்தது, யாரால் உடைந்தது என்ற பகுதியை அவன் விட்டுவிட்டான்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு விழிப்பு வந்தது. கருவிப் பை கதவோரம் இருந்தது. அவன் கட்டிலிலேயே படுத்துக்கொண்டு கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான். ஏழு மணிக்கு நர்ஸ் இரண்டு முட்டையும் ரொட்டியும் சாப்பிட்டு, மருந்துப் பெட்டியைப் பின்னால் கட்டி, தலைக்கவசத்தை மாட்டினாள்.

"உள்ள தள்ளி உக்காரும்மா," என்றார் மாமனார், பழக்கதோஷத்தில்.

வண்டி போய்விட்டது. பைப்புக்காரன் ஹோட்டல் வேலைக்குப் போனான். ஐந்து பாத்ரூம். ஒவ்வொரு இணைப்பை முடுக்கும்போதும், மலையில் ஒன்று முடுக்காமல் போய்க்கொண்டிருக்கிறதே என்று மனசு அடித்துக்கொண்டது. பதினொரு மணிக்கு மழை பிடித்தது. பன்னிரண்டுக்கு நின்றது, ஒருமணிக்கு மறுபடி பிடித்தது. வழக்கமாக மூன்று மணிக்கு அவள் திரும்பிவிடுவாள். மூன்றுக்கு அவன் வீட்டு வாசலில் இருந்தான். மூன்றரைக்குத் தெரு முனையில். நாலுக்கு மாமனாரும் குடையோடு தெரு முனைக்கு வந்து சேர்ந்தார்.

"எதுக்குடா இப்படி நிக்கிறே? பஸ்ஸா வரப்போகுது?"

"நீங்க எதுக்கு வந்தீங்க?"

"நான் சும்மா காத்து வாங்க வந்தேன்."

கொட்டுகிற மழையில் அப்பாவும் மகனும் ஒரே குடைக்குள் நின்று காற்று வாங்கினார்கள்.

நாலரைக்குச் சத்தம் கேட்டது. தள்ளிக்கொண்டு வருகிற சத்தமில்லை, இன்ஜின் சத்தம். நர்ஸ் ஓட்டிக்கொண்டு வந்தாள். தலைக்கவசம், சட்டை, பூட்ஸ், எல்லாம் ஒரே நிறம், செம்மண் நிறம். கண்ணும் பல்லும் மட்டும் சொந்த நிறத்தில் இருந்தன. பல் நிறையத் தெரிந்தது, சிரித்துக்கொண்டிருந்தாள்.

"லிவர் என்ன ஆச்சு?" என்று ஓடினான் பைப்புக்காரன்.

"டேய், முதல்ல பெண்டாட்டி என்ன ஆனான்னு கேளுடா!" என்றார் மாமனார்.

"நாலு தடவை மாமா! நாலு தடவை விழுந்தேன். போகும்போது மூணு, வரும்போது ஒண்ணு. வளைவுலயே ரெண்டு. ஒவ்வொரு தடவையும் லிவர் மேல தூக்கிக்கிச்சு. ஒரு தட்டு தட்டினேன், உக்காந்துடுச்சு. அப்படியே கிளம்பிட்டேன். காப்புல பாருங்க எத்தனை கீறல்னு. கல்லு மேல நேரா விழுந்தது ஒரு தடவை, விரலு தப்பிச்சுது."

வீட்டுக்குள் போய் உட்கார்ந்தும் அவள் நிறுத்தவில்லை. பதினோரு பேரையும் பார்த்தாயிற்று. கல்குவாரிக்காரரின் கட்டைப் பிரித்தபோது ஒரு ஓரத்தில் சீழ் கோத்திருந்தது. இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் காலையே எடுக்க வேண்டி வந்திருக்கும். சுத்தம் செய்து, மருந்து வைத்து, ஊசி போட்டு, அதனால்தான் நேரமாகிவிட்டது. அவர் மனைவி அவளை விடவே இல்லை, கையைப் பிடித்துக்கொண்டு அழுதாளாம். வரும் வழியில் தலைமை நர்ஸம்மாவும் போனில் கூப்பிட்டு, ரூட் அப்படியே இருக்கட்டும் என்றாளாம்.

"அந்த அக்கா நல்லா இருக்கணும்ங்க," என்றாள் நர்ஸ். அப்புறம் கொஞ்சம் தயங்கி, ரொட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நீங்களும்தான். தினம் காலையில எந்திரிச்சு வண்டியப் பாக்குறீங்களே, எனக்குத் தெரியாதுன்னா நினைச்சீங்க? தூக்கத்துல சத்தம் கேக்கும். மேல தனியாப் போகும்போது அத நினைச்சுக்குவேன். நான் இத்தனை நாளா முழுசாத் திரும்பி வர்றேன்னா அதனாலதான்."

பைப்புக்காரனுக்கு இதைவிடப் பெரிய சங்கடம் வாழ்க்கையில் வந்ததில்லை. இருபது வருஷம் காத்திருந்து கிடைத்த பாராட்டு. அதை வாயில் போடுவதற்குள் துப்ப வேண்டியிருந்தது.

"அந்த மூணு லிவரையும் உடைச்சது நான்தான்," என்றான்.

"என்ன?"

"நான் இறுக்கினதாலதான் உடைஞ்சுது. அது திரும்புற அளவுக்கு விட்டிருந்தா உடைஞ்சிருக்காது. அக்கா போல்ட்டுல பல்லப் பார்த்துக் கண்டுபிடிச்சுட்டாங்க. ஆடக்கூடாதுன்னு நினைச்சேன். ஒவ்வொண்ணு உடைய உடைய இன்னும் இறுக்கினேன்."

மாமனார் எழுந்து போய்விடலாமா என்று பார்த்தார், ஆனால் நல்ல கட்டத்தில் விட்டுப் போக மனசில்லை.

"மூணு தடவை," என்றாள் நர்ஸ் மெதுவாக. "தடவைக்கு ஆறு கிலோமீட்டர் தள்ளினேன்."

"ஆமா."

"பதினெட்டு."

"ஆமா."

"கல்குவாரிக்காரரு காலு..."

"ஆமா." அவன் தலையைத் தூக்கவில்லை.

அவள் கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தாள். அப்புறம் இரண்டு காலையும் நீட்டினாள்.

"தண்ணி காய வைங்க."

காய வைத்தான். வாளியில் விளாவிக் கொண்டு வந்து, தரையில் உட்கார்ந்து, அவள் பாதத்தை எடுத்துத் தண்ணீருக்குள் வைத்தான். விரல் இடுக்கிலிருந்து செம்மண் கரைந்து வந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"நாளைக்கு ஆறு மணிக்கு எந்திரிப்பீங்களா?"

"மாட்டேன். சத்தியமா வண்டியத் தொட மாட்டேன்."

"எந்திரிங்க." கண்ணைத் திறக்காமலே சொன்னாள். "இன்னைக்குக் காலையில சத்தம் கேக்கல. எனக்கு ஆறேகாலுக்கே முழிப்பு வந்துடுச்சு. படுத்தே இருந்தேன், என்னமோ மாதிரி இருந்துச்சு. போகும்போதும் மனசே சரியில்ல. வெளிய நீங்க கறக் கறக்னு முறுக்குற சத்தம் கேட்டாத்தான் எனக்குக் கடைசி அரைமணி நேரம் தூக்கமே வரும்."

"அப்ப எத முறுக்குறது?"

"எதையாவது முறுக்குங்க. அந்த ரெண்ட மட்டும் விட்டுடுங்க."

மறுநாள் ஆறு மணிக்குப் பைப்புக்காரன் வாசலுக்குப் போனான். மழை விட்டிருந்தது. வண்டி சேறு காய்ந்து நின்றது. பக்கத்தில் போய் இடது லிவரை உள்ளங்கையால் தள்ளினான், திரும்பியது. தட்டி இறக்கினான். அப்புறம் சக்கரம், கால்மிதி, பின்னால் பெட்டி கட்டுகிற கம்பி என்று மெக்கானிக் அக்கா அனுமதித்தவற்றையெல்லாம் சரியான ஸ்பேனரால் சரியான அளவுக்கு முடுக்கினான். ஐந்து நிமிஷத்தில் வேலை முடிந்துவிட்டது. அரைமணி நேரத்துக்கு இன்னும் இருபத்தைந்து நிமிஷம் பாக்கி இருந்தது.

அவன் சுற்றிலும் பார்த்தான். பைப் ரிஞ்சை எடுத்துக்கொண்டு வாசல் இரும்புக் கேட்டுக்குப் போனான். அதன் கீலில் நாலு போல்ட். அவற்றை ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல், கறக் கறக் என்று உள்ளே கேட்கிற மாதிரி முடுக்கினான். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நர்ஸ் புரண்டு படுத்து, போர்வையைக் காதுவரை இழுத்துக்கொண்டாள்.

ஆறரை மணிக்குப் பால் வாங்கக் கிளம்பிய மாமனார் கேட்டை இழுத்துப் பார்த்தார், தள்ளிப் பார்த்தார், தோளால் இடித்தும் பார்த்தார். பிறகு பாத்திரத்தோடு பின்வாசல் வழியாகப் போனார்.